நூற்றுப் பதினெட்டு கொடுத்த என்ஜின்

மதிப்பும் அன்பும் ஒருசேர உரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன், இன்றைய தேதி வரை அந்தப் பதவியில் நீடிப்பதாக நம்புகிறவன், எழுதிக்கொள்வது. நான் நலம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் எடை அளவுத் துறையில் முப்பத்தொரு வருடம் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன், அளந்து பார்க்காத எதையும் எழுத்தில் கொடுக்க மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே என் நலம் எவ்வளவு என்பதை இதைப் படித்து முடித்ததும் நீங்களே நிர்ணயித்துக்கொள்ளுங்கள். அங்கே நீங்கள், உங்கள் துணைவியார், பிள்ளைகள், உங்கள் பம்பு பட்டறை, பதினாறு நாளாக உங்கள் வீட்டில் விருந்தாளியாக இருக்கும் என் மனைவி எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். அவளுடைய கோபமும் நலமாகத்தான் இருக்கும். அதைப் பற்றி மட்டும் எனக்குக் கவலையே இல்லை.

உங்கள் தங்கை உங்களிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். எனக்கு இன்னொரு வீடு இருப்பதாகச் சொல்லியிருப்பாள். அதை நான் மறுக்கவில்லை, முழுதாக ஒத்துக்கொள்ளவும் இல்லை. வீடு உண்டு. அதில் ஒரு பெண்மணி உண்டு. நான் அங்கே போனதும் உண்டு, ஒன்பது தடவை. ஆனால் நானாகப் போகவில்லை, மைத்துனரே. என்ஜின் போயிற்று. நான் அதன்மேல் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். இதை உங்கள் தங்கையிடம் சொன்னபோது அவள் கேட்ட ஒரே கேள்வி, "எந்த என்ஜின் உங்களுக்குச் சட்டை தைச்சுக் குடுத்துச்சு?" என்பது. அந்தச் சட்டைக்குப் பிறகு வருகிறேன். வரிசை தவறினால் என் பக்கத்து நியாயம் உங்களுக்குப் புரியாது.

ஓய்வு பெற்ற நாளிலிருந்தே எனக்கு ஓர் ஆசை இருந்தது. சிலருக்குத் தோட்டம், சிலருக்கு சீட்டு, எனக்கு லிட்டருக்கு நூறு. வண்டி விற்கிறவர்கள் எல்லாம் விளம்பரத்தில் எண்பது என்பார்கள், தொண்ணூறு என்பார்கள், வாங்கி ஓட்டினால் ஐம்பத்தைந்தில் வந்து நிற்கும். வாழ்நாள் முழுவதும் பெட்ரோல் பம்புகளில் அளவுக்குவளையோடு நின்று, மில்லிக்கு மில்லி சண்டை போட்டவனுக்கு இந்தப் பொய் பொறுக்கவில்லை. சொன்னபடி ஓடும் ஒரு வண்டியை நானே கட்டிக் காட்டுவது என்று முடிவு செய்தேன். உங்களிடம் யோசனை கேட்டு எழுதினேன். "முதலில் என்ஜினை முடிவு பண்ணுங்க மாப்பிள்ளை, அப்புறம் அதுக்கு ஏத்த உடம்பைத் தேடுங்க" என்று எழுதினீர்கள். பம்பு செட்டில் இருக்கும் சின்ன டீசல் என்ஜினைப் போட்டால் சிக்கனம் நிச்சயம் என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் சொல்லைத் தட்டக் கூடாது என்று ஒன்றை வரவழைத்துப் பட்டறை பெஞ்சில் பூட்டி ஓட்டிப் பார்த்தோம். பெஞ்ச் நகர்ந்து நகர்ந்து தெருவுக்குப் போய்விட்டது. அதை இரண்டு கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஓட்டினால் வீடு வந்து சேர்வேன், பல் வந்து சேராது. எதிர்வீட்டு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் மின்சார மோட்டார் போடச் சொன்னார். மின்சாரத்தை எந்தக் குவளையில் ஊற்றி அளப்பது என்று கேட்டேன். அதன்பிறகு அவர் என்னோடு பேசுவதில்லை.

ஃபிரேம் விஷயமும் லேசில் முடியவில்லை. பழைய மொபெட்டின் ஃபிரேம் எடை குறைவு, ஆனால் நான் உட்கார்ந்ததும் பக்கவாட்டில் ஒரு முறை முனகியது. முந்தைய காலத்துப் பெரிய வண்டி ஒன்றின் ஃபிரேம் கம்பீரமாக இருந்தது, ஆனால் அதில் நூறு சிசி என்ஜினை வைத்தால் யானைக்குக் கோழிக்குஞ்சின் இதயத்தை வைத்த கதைதான். கடைசியில் ஒரு தபால்காரர் இருபது வருடம் ஓட்டிக் கழித்த வண்டியின் ஃபிரேமை எடுத்தேன். நேரான குழாய், மெல்லிய டயர், அநாவசியமாக ஒரு இரும்புத் துண்டு கிடையாது. அடுத்த தெருவில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் ஒப்படைத்தேன். எதை முடுக்கினாலும் "இன்னும் அரைத் திருகு" என்பதால் அவருக்கு அரைத்திருகு என்றே பேர். நல்ல கை. சொந்தப் புத்தி மட்டும் யாராவது அதட்டினால் ஓடி ஒளிந்துகொள்ளும்.

என்ஜினுக்கு இரண்டு பேர் போட்டியில் நின்றார்கள். இரண்டும் ஒரே மாதிரி, நூறு சிசி, ஒற்றை சிலிண்டர், காற்றால் ஆறுவது. ஒன்று, கடை மூடிய ஒரு வியாபாரியிடம் பெட்டி பிரிக்காமல் கிடந்த புதியது. மற்றது, பழைய இரும்புக் கடையில் கிடந்தது. அந்தப் பழையதோடு ஒரு நோட்டுப் புத்தகமும் கிடைத்தது. அதன் சொந்தக்காரர் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக ஊர் ஊராகப் போனவராம். பதினான்கு வருடம், ஒவ்வொரு தடவை பெட்ரோல் ஊற்றியதையும் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையும் அழகான கையெழுத்தில் குறித்து வைத்திருக்கிறார். ஒரு அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை. கடைசி வருடத்தில்கூட எண்பத்தொன்றுக்குக் கீழே இறங்கவில்லை. "ஆளு தூக்கத்துலயே போயிட்டாரு சார், அதே வாரம் மழைல செவுரு இடிஞ்சு வண்டி மேல விழுந்துருச்சு, என்ஜின் மட்டும் தப்பிச்சுது" என்றார் இரும்புக் கடைக்காரர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆளுக்காக அல்ல, உண்மையைச் சொல்ல வேண்டும், நோட்டுக்காக. உலகத்தில் என்னைப் போல இன்னொருவன் இருந்திருக்கிறான், அவனைப் பார்க்காமல் போனேனே என்று இருந்தது. புதியதை மாற்றுக்கு இருக்கட்டும் என்று பட்டறையில் ஒரு மூலையில் போடச் சொல்லிவிட்டு, பழையதையே பூட்டச் சொன்னேன். இரண்டுக்கும் ஒரே கறுப்பு வண்ணம் அடிக்கவும் சொன்னேன், எது எப்போது தேவைப்பட்டாலும் ஃபிரேமோடு பொருந்த வேண்டும் என்று. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவனின் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

வண்டி தயாரானதும் டாங்கைக் கழற்றி வைத்துவிட்டு, கோடு போட்ட பாட்டில் ஒன்றில் சரியாக நூறு மில்லி பெட்ரோல் ஊற்றி, ஹாண்டில்பாரில் கட்டித் தொங்கவிட்டுச் சோதனைக்குக் கிளம்பினேன். திரும்பி வருவதற்குத் தோள்பையில் ஒரு சின்ன கேன். புறவழிச் சாலையில் நேராகப் போவதாகத் திட்டம். ரவுண்டானாவில் வலது பக்கம் திருப்பினால் என்ஜின் இருமியது. இடது பக்கம் திருப்பினால் வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. சோதனை கெடக் கூடாதே என்று இடது பக்கமே போனேன். அதன்பிறகு எந்தத் திருப்பத்தில் திரும்பினேன் என்று நான் யோசிக்கவில்லை. மில்லிக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி ஒரு குறுக்குத் தெருவில், பச்சை கேட் போட்ட ஒரு வீட்டு வாசலில், பாட்டிலில் கடைசிச் சொட்டு தீர்ந்து வண்டி நின்றது. மீட்டரைப் பார்த்தேன். பதினொன்று புள்ளி எட்டு கிலோமீட்டர். லிட்டருக்கு நூற்றுப் பதினெட்டு! நட்ட நடுத் தெருவில் இறங்கி நின்று கை தட்டினேன். அப்போதுதான் கவனித்தேன், பச்சை கேட் ஏற்கெனவே திறந்திருந்தது. ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி, கழுத்தில் தையல் நாடா தொங்க, என்னைப் பார்க்காமல் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டே, "கை கழுவிட்டு வாங்க, டீ வெச்சிருக்கேன்" என்றார்.

நிமிர்ந்து பார்த்த பிறகு அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "மன்னிச்சுக்குங்க. சத்தம் கேட்டுச்சு. பழக்கத்துல வாய் சொல்லிடுச்சு" என்றார். நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருந்த முகவரி அந்தத் தெருதான் என்பது அப்போதுதான் உறைத்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் வண்டியின் பக்கத்தில் வந்து, என்ஜினைத் தொடாமல், ஒரு சாண் தள்ளிக் கையை வைத்து அதன் சூட்டைப் பார்த்தார். "இதான் இல்ல?" என்றார். "பதினாலு மாசம் ஆச்சு. நல்லா வெச்சுக்குங்க." ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். வேறொன்றும் இல்லை. நான் கேனிலிருந்து பெட்ரோல் ஊற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வரும்போது இருநூற்றைம்பது மில்லி குடித்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், லிட்டருக்கு நாற்பத்தேழுதான் வரும். போகும்போது குதிரை, வரும்போது கழுதை.

ஓர் ஆய்வாளன் இதை விட்டுவிட முடியுமா? சாலை அந்தப் பக்கம் சரிவோ என்று சந்தேகப்பட்டேன். கொத்தனாரிடம் தண்ணீர்க் குழாய் இரவல் வாங்கி, பட்டப்பகலில் பத்து இடத்தில் மட்டம் பார்த்தேன். தாம்பாளம் போலச் சமமாக இருந்தது. காற்று தள்ளுகிறதோ என்று ஹாண்டிலில் ரிப்பன் கட்டிப் பார்த்தேன், காற்று எதிர்த்துத்தான் வீசியது. இரண்டாவது தடவை வேண்டுமென்றே எதிர்த்திசையில் கிளம்பினேன். அங்கே குழாய் பதிக்கத் தோண்டியிருந்தார்கள், மாற்றுப்பாதை என்று அம்புக்குறி போட்டிருந்தார்கள், அம்பு அம்பாகப் போய்க் கடைசியில் பச்சை கேட். மூன்றாவது தடவை பாட்டிலில் எண்பது மில்லிதான் ஊற்றினேன். எட்டு ஒன்பது கிலோமீட்டரில் எங்காவது நிற்கட்டும், பேருந்தில் வந்துவிடலாம் என்று. நிற்கவில்லை. பச்சை கேட்டுக்கு முன்னால் கடைசிச் சொட்டு தீர்ந்தது. நான்காவது தடவை ஐம்பது மில்லி. அதே வாசல், அதே கடைசிச் சொட்டு. லிட்டருக்கு இருநூற்று முப்பத்தாறு, மைத்துனரே! எந்தக் கம்பெனியும் கனவிலும் காணாத எண். ஆனால் எனக்குக் கை தட்டத் தோன்றவில்லை. காலி பாட்டிலைக் கட்டிக்கொண்டு கிளம்பிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஏனென்றால் திரும்பி வருவதற்கு அன்றைக்கு நானூறு மில்லி ஆயிற்று. அதற்கடுத்த தடவை அறுநூறு. போவதற்கு ஆகும் செலவு குறையக் குறைய வருவதற்கு ஆகும் செலவு ஏறிக்கொண்டே இருந்தது. இப்படியே போனால் என்றைக்காவது ஒரு நாள் தோள்பைக் கேன் போதாமல் போகும் என்பதைக் கணக்கு வாத்தியார் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

வீட்டுக்குள் ஏன் போனீர்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஐந்தாவது தடவை அந்தப் பெண்மணி டீ போட்டு வைத்திருந்தார். ஒரு டம்ளர் டீயைத் தெருவில் நின்று குடிக்க முடியுமா? பின்கட்டில் குழாய் இருந்தது, கை கழுவினேன். எல்லா வீட்டிலும் குழாய் பின்னால்தானே இருக்கும், அதில் அதிசயம் இல்லை. பின்கதவின் கீல் இறங்கியிருந்ததால் லேசாகத் தூக்கித் திறந்தேன். எல்லா வீட்டிலும் அப்படித் தூக்கித் திறப்பதில்லை, சரி, ஒத்துக்கொள்கிறேன். டீயில் சர்க்கரை இல்லை, நன்றாக இருந்தது. நான் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக்கொள்கிறவன் என்பது உங்கள் குடும்பத்துக்கே தெரியும். தையல் மிஷின் கிறீச்சிட்டதால், "கொஞ்சம் எண்ணெய் விடறீங்களா?" என்று கேட்டார். அலமாரியின் மேல்தட்டில், பொத்தான் டப்பாக்களுக்குப் பின்னால் கையை விட்டு எண்ணெய்க் குப்பியை எடுத்து விட்டேன். திரும்பி வரும் வழியில், சிகப்பு விளக்கில் நிற்கும்போதுதான் எனக்கு உதித்தது. குப்பி எங்கே இருக்கிறது என்று அவர் சொல்லவே இல்லை. பச்சை விழுந்து, பின்னால் இருந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போன பிறகும் நான் அங்கேயே நின்றிருந்தேன்.

அந்தப் பெண்மணியைப் பற்றித் தவறாக நினைக்காதீர்கள். ஒரு வார்த்தை, ஒரு பார்வை அத்துமீறிக் கிடையாது. பள்ளிச் சீருடை தைத்துப் பிழைக்கிறவர். நான் அங்கே இருக்கும் நேரம் முழுக்க மிஷின் ஓடிக்கொண்டிருக்கும், அவர் தலை குனிந்திருக்கும். ஏழாவது தடவை ஒரு சட்டையை எடுத்து வந்தார். கணவருக்கு என்று வெட்டி, தைத்து முடிப்பதற்குள் அவர் போய்விட்டாராம். "பாதில கெடக்கறத பாத்தா மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு, முடிச்சிட்டேன். யாருக்காவது ஆகட்டும், போட்டுப் பாருங்க" என்றார். போட்டேன். தோள் சரி, கை சரி, கழுத்து சரி. உங்கள் திருமணத்துக்கு எனக்குத் தைத்த சட்டையை நினைவிருக்கிறதா, மூன்று தையல்காரர்கள் முயன்றும் இடது தோள் ஒரு விரற்கடை தூக்கிக்கொண்டே நின்றதே? எனக்கு இடது தோள் தாழ்வு, பிறவியிலேயே. இந்தச் சட்டையில் இடது தோள் ஒரு விரற்கடை குறைத்துத் தைத்திருந்தது. முப்பத்தொரு வருடம் ஊராருடைய அளவுகளைச் சரிபார்த்தவன் நான். என்னை அளக்காமலே என் அளவை எடுத்தது யார்? மடித்து வண்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

இந்தச் சட்டையைத்தான் உங்கள் தங்கை கண்டெடுத்தாள். அதற்கு முன்பே அவளுக்குச் சந்தேகம். "முப்பத்திரண்டு வருஷமா இடது பக்கம் இருக்கிற சுவிட்ச இப்ப வலது பக்கம் தேடறீங்க. சர்க்கரை வேண்டாங்கறீங்க. நேத்து என்னைய பாத்து, எவ்வளவு நேரமா காத்திருக்கீங்கன்னு மரியாதையா கேட்டீங்க. நான் எதுக்குங்க உங்களுக்காகக் காத்திருக்கணும்? நான் சமையல் ரூம்ல இருந்தேன்" என்று அடுக்கினாள். நான் பாட்டிலையும் நோட்டையும் எடுத்து வைத்து எல்லாவற்றையும் விளக்கினேன். அவள் முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டு, "பொய் சொல்றவங்க இன்னும் கொஞ்சம் நல்லா சொல்லுவாங்க. இது பொய்யா இருந்தா எனக்குக் கோபம்தான் வரும். நெஜமா இருந்தா பயம் வருது. ரெண்டுக்கும் நான் இங்க இருக்க முடியாது" என்று சொல்லிப் பெட்டியைக் கட்டினாள். பேருந்து நிலையம் வரை நான்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். பேருந்து கிளம்பும்போது அவள் ஜன்னல் வழியாக என் சட்டைக் காலரைச் சரி செய்தாள்.

அவள் போன பிறகும் இரண்டு தடவை போய்விட்டேன். மறைக்க விரும்பவில்லை. பால் வாங்கப் போனேன், ஒரு தடவை. மற்றது பல் வைத்தியரிடம்.

ஆகவே முடிவுக்கு வந்துவிட்டேன். வண்டிக்காரன் தூங்கினாலும் மாடு வீடு போய்ச் சேரும் என்பார்கள். பதினான்கு வருடம் ஒரே வாசலுக்குத் திரும்பிய என்ஜின் அது. பாவம், அதற்குப் போகத் தெரிந்த இடம் அது ஒன்றுதான். தப்பு அதனிடம் இல்லை, எண்பத்தொன்று என்ற எண்ணைப் பார்த்து மயங்கிய என்னிடம். குணம் பார்க்காமல் மைலேஜ் பார்த்து என்ஜின் எடுத்தேன். இன்றைக்கே அரைத்திருகிடம் போய் அதைக் கழற்றி, பெட்டி பிரிக்காமல் வந்த புதியதைப் பூட்டச் சொல்லப் போகிறேன். அதற்குப் பழைய பழக்கம் எதுவும் இல்லை, லிட்டருக்கு அறுபது கொடுத்தாலும் கொடுக்கட்டும், என்னை எங்கே திருப்பினேனோ அங்கே கொண்டுபோனால் போதும். இல்லை, அந்தப் புதியதும் வேண்டாம், டீசலே போடுங்கள் என்று நீங்கள் சொன்னால் அதற்கும் தயார். பல் போனால் போகட்டும். பழைய என்ஜினை அந்தப் பெண்மணியிடமே ஒப்படைத்துவிடலாம் என்றிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமைப் பேருந்தில் உங்கள் தங்கையை அனுப்பி வையுங்கள். நிலையத்துக்கு நடந்தே வருகிறேன் என்று சொல்லுங்கள், அவளுக்குப் புரியும். வீட்டில் எல்லாம் அவள் வைத்த இடத்திலேயே இருக்கிறது. சுவிட்சுக்குப் பக்கத்தில் 'இடது' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். மூன்று கரண்டி சர்க்கரை போட்டு, கண்ணை மூடிக்கொண்டு குடித்துப் பழகுகிறேன். அவள் இல்லாத வீடு எனக்குப் பழகவில்லை, பழகவும் வேண்டாம்.

உங்கள் துணைவியாருக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, அளவான பேச்சும் அளவில்லாத ஆயுளும் பெற்று வாழட்டும். உங்கள் பட்டறையில் ஓடும் பம்பு எல்லாம் சொன்ன அளவுக்குத் தண்ணீர் இறைக்கட்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் மாப்பிள்ளையாகவே இருக்க விரும்பும்,
தங்கை கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் பட்டறைக்குப் போய் வேலையைத் தொடங்கிவிட்டு வரலாம் என்று, கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். "பழைய என்ஜினைக் கழற்றுங்க" என்றேன். அரைத்திருகு கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த கையையே துடைத்தார். பிறகு பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு சாக்கு மூட்டையை இழுத்துப் போட்டார். அதைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பழைய என்ஜினை வாங்கிய அன்று, வழியில் யாரும் மாற்றிவிடக் கூடாது என்று, நானே சாக்கில் கட்டி, கம்பி போட்டு, ஈயத்தில் முத்திரை குத்தி அனுப்பியிருந்தேன். உத்தியோகப் பழக்கம். அந்த முத்திரை அப்படியே இருந்தது. "சீல் வெச்சிருந்தீங்களே சார், உடைச்சா கேஸாயிடும்னு பயந்துட்டேன். ரெண்டும் ஒரே என்ஜின்தான, புதுச மாட்டிட்டேன். மொத நாள் சொல்லிடலாம்னுதான் இருந்தேன், நீங்க நூத்திப் பதினெட்டு குடுக்குதுன்னு குதிச்சுக்கிட்டு வந்தீங்க, வாய மூடிக்கிட்டேன்" என்றார். நான் வண்டியில் இருந்த என்ஜினின் எண்ணைத் துடைத்துப் பார்த்தேன். பெட்டி பிரிக்காமல் வந்த புதியதுதான். அந்த மனிதருடைய என்ஜின் பெஞ்சுக்கு அடியில் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அதன்மேல் தட்டை வைத்து அரைத்திருகு தினமும் மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறார்.

அப்படியானால் அந்தப் பெண்மணி எந்தச் சத்தத்தைக் கேட்டுக் கதவைத் திறந்தார்? அதை நேரில் கேட்டுவிடுவது என்று வண்டியைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு நடக்கத் தொடங்கினேன். கிளம்பும்போது மூன்று மணி. ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்து வந்திருக்கிறேன், இந்தப் பச்சை கேட் வீட்டுக் கூடத்துச் சுவர்க் கடிகாரத்தில் இப்போது மூன்று பத்து. நின்றுபோன கடிகாரமோ என்று பார்த்தேன், வினாடி முள் ஓடுகிறது. கால் வலிக்கவில்லை, வியர்க்கவில்லை. கேட் திறந்துதான் இருந்தது. "சத்தம் கேட்டுச்சு" என்றார், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. இந்தத் தடவை மன்னிப்புக் கேட்கவில்லை. மேஜையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பேனா இங்கே இருந்ததுதான். மூடியில் பல் தடம் இருக்கிறது. நான் பேனா கடிக்கிறவன் அல்ல, ஆனால் கடித்துப் பார்த்தேன், பல் சரியாக உட்காருகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, மைத்துனரே. இப்போது தெருக்கோடித் தபால் பெட்டிவரை போய் இதைப் போட்டுவிட்டு வருகிறேன். எங்கே வருகிறேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

உங்கள் தங்கையை அனுப்ப வேண்டாம். அவள் வந்து நான் அவளை யாரென்று மரியாதையாகக் கேட்டுவிட்டால் அதை அவள் தாங்க மாட்டாள். நீங்கள் வாருங்கள். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிக் குறுக்குத் தெரு, பச்சை கேட். உள்ளே வராதீர்கள். வாசலில் நின்று, உரக்க, "மாப்பிள்ளை" என்று ஒரு தடவை கூப்பிடுங்கள். நான் திரும்பிப் பார்த்தால் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விடுங்கள், எது சொன்னாலும் கேட்காதீர்கள். திரும்பிப் பார்க்காவிட்டால் உடனே போய்விட வேண்டாம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள்.